பஸ்ஸில் வந்த சோறு

மனைவி தவறிப்போய் ஏழு மாதம். அவளுடைய அம்மா இன்னமும் விடிய எழும்பி எனக்கு மத்தியானச் சோறு கட்டித் தருகிறார்.

"கஷ்டப்படாதேங்கோ மாமி, கடையில சாப்பிடுறன்" என்றால், "கடைச் சோத்துக்கு அப்பச்சோடா போடுறவங்கள் தம்பி" என்பார்.

இன்று பூநகரியில் சோலார் பம்ப் திருத்தும் வேலை. சோற்றுப் பாசலை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

பஸ் நிற்கும் இடத்துக் கடையில் சோறு வாங்கினேன்; இன்னும் கைகூட வைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமிருந்து வரும் கிளிநொச்சி பஸ் வந்து நின்றது.

கண்டக்டர் இறங்கிக் கத்தினார். "சோலார் தம்பி ஆர்? மாமி பாசல் தந்துவிட்டவா! கடைச் சோத்தைத் தொட வேண்டாமாம்!"

பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

"எனக்கேன் வம்பு?" என்று கடைக்காரர் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாமிக்கு போன் எடுத்தேன்.

"கடைச் சோத்தில வாய் வைச்சனீங்களோ?"

"இல்லை மாமி. தரமாட்டன் எண்டிட்டார்."

பாசலைப் பிரித்தேன். முட்டைப் பொரியலில் வெங்காயம் இல்லை.

வெங்காயம் சாப்பிடாதவள் என் மனைவி. நான் நன்றாகச் சாப்பிடுவேன். அதை மாமியிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

பூநகரிப் பக்கம் சோறில்லாமல் வெங்காயச் சம்பல் மட்டும் விற்கிற கடை யாருக்காவது தெரியுமா?