குழாய் லாரி வீடியோ

பாடத்துக்கு வீடியோ தேடுவதில் நான் கில்லாடி என்று எனக்கே ஓர் எண்ணம் இருந்தது. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்தெருவில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடு வழியாக வரும் படங்கள் எனக்குப் போதாது. பொம்மைக் கார் ஒன்று பொம்மைச் சுவரில் மோதும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். தெரிந்த சாலை, தெரிந்த வண்டி என்று காட்டினால்தானே மண்டையில் ஏறும்? இதைப் பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

அந்த ஜூனில்தான் நாமக்கல் புதுச்சத்திரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாறுதலில் வந்திருந்தேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல். முதல் பாடமே இயக்க விதிகள். ஓடுகிற பொருள், எதுவும் தடுக்காதவரை ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதுதான் நிலைமம். சடன் பிரேக் போட்டால் பஸ்ஸுக்குள் நாம் முன்னால் சாய்கிறோமே, அந்த உதாரணத்தை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துப்போயிருந்தது.

தேடியதில் இருபது நொடி வீடியோ ஒன்று அகப்பட்டது. பின்னால் வந்த கார் ஒன்றின் கேமரா எடுத்தது. மழை பெய்த வடநாட்டு நெடுஞ்சாலை. முன்னால் இரும்புக் குழாய் ஏற்றிய லாரி போகிறது. இரண்டு கிளிகள் வரைந்த பின்பலகைக்கு மேலே குழாய்களின் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. பக்கச் சாலையிலிருந்து ஒரு பஸ் குறுக்கே திரும்புகிறது. லாரியின் பிரேக் விளக்கு எரிகிறது. லாரி நின்றுவிடுகிறது, பஸ் தப்பித்துப் போகிறது. குழாய்கள் மட்டும் சரசரவென்று முன்னால் போகின்றன. சிவப்புத் துணி உள்ளே இழுபட்டு மறைகிறது. அத்தோடு வீடியோ முடிந்தது. யாரும் யார் மேலும் மோதவில்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வண்டியின் பாடி கட்டிய விதத்தைப் பார்த்தால் நாமக்கல் லாரி மாதிரியே வேறு இருந்தது. பென்டிரைவில் இறக்கிக்கொண்டேன். மற்ற பள்ளிகளுக்கும் பயன்படட்டும் என்று அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

திங்கட்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா? லாரி நின்னுருச்சு, குழாய் நிக்கலை. அதுதான் நிலைமம்" என்றேன். சந்தத்தோடு சொல்லிவிட்ட பெருமை எனக்கு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். "இன்னொருக்காப் போடுங்க டீச்சர்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போட்டேன். "கொஞ்சம் மெதுவாப் போடுங்க." வேகத்தைக் குறைத்துப் போட்டேன். பாதியில் அவள் எழுந்து நின்றாள்.

"பிரேக் லைட் எரியுதுங்க டீச்சர். பஸ் திரும்பறப்பவே புடிச்சிருக்காங்க."

"பாருங்க, எப்படிக் கவனிக்கிறா! எல்லாரும் கை தட்டுங்க" என்றேன்.

வகுப்பே கை தட்டியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் உட்காரச் சொன்னேன்.

மதிய இடைவேளையில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரத் தயங்கி, கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், அது அவங்கப்பா ஓட்டுன வண்டிங்க. பின்னாடி ரெண்டு கிளி இருந்துதில்லீங்க, அதுல ஒரு கிளிக்கு மூக்கு வரையாம உட்டுட்டாங்கன்னு முன்னயே சொல்லிச் சிரிப்பாளுங்க. அந்த வண்டியிலதான் அவங்கப்பா செத்துப்போனாருங்க."

அவளுக்கு அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டோடு கொடுத்த பட்டியலில் இருந்தது. எப்படி இல்லாமல் போனார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதைக்கூட விடுங்கள். அந்த வீடியோவை வீட்டில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். முன்னால் போகிற குழாய்களுக்கு எதிரே, கேபினுக்குள், ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தெருவுக்கு நாலு டிரைவர் இருக்கிற ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, தோன்றவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பென்டிரைவிலும் மடிக்கணினியிலும் போனிலும் இருந்ததை அழித்தேன். குழுவில் என் பதிவை எல்லோருக்குமாக நீக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது. தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். சிலர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், "ஏன் டீச்சர், அருமையான கிளிப் ஆச்சே? எங்க ஸ்கூல்ல இன்னைக்குத்தான் போட்டோம்" என்று எழுதினார். எத்தனை வகுப்புகளில் 'லாரி நின்னுருச்சு, குழாய் நிக்கலை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ. அந்த வாக்கியத்தையும் நான் வீடியோவோடு சேர்த்துத்தான் அனுப்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். கோழிப்பண்ணைக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடு. அவள் அம்மா பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் உள் கதவருகே வந்து நின்றாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"அழிச்சுட்டீங்களா? ஏனுங்க டீச்சர் அழிச்சீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வண்டியத் தூங்கிட்டே ஓட்டிட்டாருன்னு சொன்னாங்க. ஓனர் ஊட்டுல சொன்னாங்க, சாவுக்கு வந்த சனமும் அதையேதான் சொல்லிட்டுப் போச்சு. இவளும் மூணு வருசமாக் கேட்டுட்டிருந்தா. திங்கக்கெழமை வந்து, 'அம்மா, அப்பா தூங்கலம்மா, பிரேக் புடிச்சிருக்காரு'ன்னா. நெசமுங்களா? நாம் பாக்கோணும் டீச்சர். அதுக்குத்தான் ரெண்டு பேரும் உங்களப் பாக்க வரோணும்னு இருந்தோம். எனக்குத்தான் தெகிரியம் வரல."

வாசலுக்கு வந்து நின்று குழுவைத் திறந்தேன். அழியுங்கள் என்று நான் கெஞ்சியதற்குக் கீழேயே, யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதினேன். இரண்டே நிமிடத்தில் வந்தது. முகம் தெரியாத ஓர் ஆசிரியர், 'நிலைமம், மிகவும் பயனுள்ளது' என்று தலைப்புப் போட்டுத் தன் பள்ளிக்காகச் சேமித்து வைத்திருந்தார். அவர் நான் சொன்னதைக் கேட்காமல் போனதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னேன்.

போனை நான்தான் பிடித்துக்கொண்டேன். பஸ் திரும்பியது. பிரேக் விளக்கு எரிந்தது.

"நிறுத்துங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா.

நிறுத்தினேன். திரையில் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தபடி நின்றன. அந்த அம்மா ஒரு விரலால் அதைத் தொட்டார். விரல் பட்டதும் வீடியோ மறுபடி ஓடத் தொடங்கியது. நான் பதறிப்போய்ப் போனைத் திருப்பிப் பிடித்தேன். "அழுவாத சாமி" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே அவர்தான் அழுதார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். அதன் பிறகு வகுப்பில் போடும் எதையும் கடைசிவரை பார்த்து, யாரெல்லாம் படத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் போடுகிறேன். அப்படியும் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு.

காலாண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அந்தக் கேள்வி வந்தது: நிலைமம் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு தருக. விடைத்தாள் கட்டைத் திருத்த உட்கார்ந்தேன். பஸ் உதாரணத்தை ஒருவரும் எழுதவில்லை. எல்லாப் பிள்ளைகளும் குழாய் லாரியை எழுதியிருந்தார்கள், என் வாக்கியத்தோடு. கண்ணால் பார்த்தது மறக்காது என்று பயிற்சியில் சொன்னவள் நான்தானே.

அவள் தாளும் வந்தது. விளக்கத்தைச் சரியாக எழுதியிருந்தாள். எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதியிருந்தாள்: 'ஓட்டுநர் பிரேக் பிடித்ததால் லாரி நின்றது. குழாய்கள் நிற்கவில்லை. ஓட்டுநர் தூங்கவில்லை.'

கடைசி வரி விடைக்குறிப்பில் கிடையாது. அதையும் சேர்த்து டிக் போட்டேன்.