சிவப்புத் தடிக்கு அப்பால் ஆறு அடி

யோகன் கொழும்பில் ஐந்து வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். இப்போது மனைவி சுகந்தியின் ஊரில் நெல் விதைக்கிறான். ஆடிக் கடைசி வெள்ளியில் காட்டு ஐயனாருக்குப் பொங்குவது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு வருடமும் சாக்குச் சொல்லித் தப்பிய நான், போன ஆடியில் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளவத்தையில் இருந்து வியாழன் இரவு பஸ், 2,300 ரூபாய். காலை 5.40க்குப் பரந்தன் சந்தி. யோகனும் சுகந்தியும் அங்கே காத்து நின்றார்கள். முல்லைத்தீவு வீதியில் 19 கிலோமீற்றருக்கு ஓட்டோ 3,000 ரூபாய். "உள்ளுக்கு வரமாட்டன் அண்ணை, யானை நிக்கும்" என்று ஓட்டோக்காரர் கிரவல் பாதை தொடங்கும் இடத்திலேயே இறக்கிவிட்டார். மிச்சம் இரண்டரைக் கிலோமீற்றர் நடை. அரிசியும் தேங்காயும் யோகனிடம், பானை சுகந்தியிடம். துரை மாதிரி வந்த எனக்குக் கையில் போன் மட்டும்.

இங்கே காட்டுக்குள் போகிறவர்கள், வழியிலுள்ள பிள்ளையாரின் மரத்தடியில் ஒரு பச்சைக் குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். போனவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. அவரவர் குழையை அவரவரே முறிக்க வேண்டும். மற்ற இருவரும் பாதையோரத்தில் கைக்கு எட்டிய தூசி படிந்த கொப்புகளை முறித்துக்கொண்டு முன்னால் போனார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. சாமிக்குப் போடுவதை நல்லதாகப் போட்டால் என்ன? சற்று உள்ளே தளதளவென்று ஒரு மாமரம். இடையில் வரிசையாகத் தடிகள், நுனியில் வெளிறிய சிவப்பு. யாரோ காணிக்கு எல்லை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்க் கொப்பை முறித்தேன்.

"மச்சான், அப்பிடியே நில்."

யோகன் சத்தம் போடவில்லை. முறித்த கொப்போடு அப்படியே நின்றேன்.

"காலை எடுக்காத. அது இன்னும் மிதிவெடி எடுத்து முடியாத இடம்."

மண்டையோட்டுப் படம் போட்ட பலகை இருபது அடிக்கு முன்னரே இருந்ததாம். வீடியோ எடுத்தபடி அதைக் கடந்திருக்கிறேன். நேரம் 8.10. போனில் சிக்னல் இல்லை.

"அசையாம நிண்டா, நான் போய் வெடி எடுக்கிற ஆக்களைக் கூட்டிவாறன். ரெண்டு மணித்தியாலம் செல்லும்."

"அவ்வளவு நேரம் நிக்கமாட்டன், விழுந்திடுவன்" என்றேன்.

"வந்த காலடி தெரியுதோ?"

"தெரியுது."

"அதுக்கு மேலதான் வைக்கோணும். பக்கத்தில வேண்டாம். ஆறுதலா வா."

மொத்தம் ஆறு காலடி. முதல் மூன்று தடங்களும் மணலில் தெளிவாக இருந்தன. நான்காவதைக் காணவில்லை, எல்லாம் சருகு. ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். ஐயனாரோ பிள்ளையாரோ நினைவுக்கு வரவில்லை, மகளின் பெயர்தான் வாயில் வந்தது. சுகந்திதான் கண்டுபிடித்தார்.

"அண்ணை, இடப்பக்கம் சருகு நொறுங்கிக் கிடக்குது பாருங்கோ. அங்க வையுங்கோ."

வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதைக்கு வந்தபோது 8.25. பதினைந்து நிமிடத்தில் சட்டை பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். அவர் கால் வைத்த இடத்தை விட்டு விலகாதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. சிவப்புத் தடியைக் கண்டால் நின்றுவிடுங்கள். தவறி உள்ளே போனால் அசையாமல் நின்று ஆள் வரும்வரை பொறுங்கள். என்னைப் போல் நடந்து வராதீர்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் வேண்டும். மூன்று மணிக்கு முன் திரும்பிவிடுங்கள், பிறகு யானை இறங்கும்.

கோயில் என்றால் பாலை மரத்தடியில் மூன்று கல்லும் ஒரு சூலமும். பதினொரு மணிக்குப் பானை பொங்கியது. யோகன் விறகு பொறுக்கப் போயிருந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?" என்றார் சுகந்தி.

"கேளுங்கோ."

"அந்த மாமரத்துக்குப் பின்னால எங்கட கிணறு இருக்கோணும். கட்டு உடையாமல் இருக்கோ?"

காட்டுக்குள் மாமரம் சும்மா நிற்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வயதுவரை அவர் இருந்த வீட்டு முற்றம் அது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின் தடிக்கு இப்பால் நின்று பார்ப்பதோடு சரி. இத்தனை வருடத்தில் அந்த முற்றத்தில் கால் வைத்தவன் நான் ஒருவன்தான். நானோ என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"கவனிக்கேல்லை" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு, அகப்பையை எடுத்துப் பொங்கலைக் கிண்டத் தொடங்கினார்.