லாரிக்குத் தனி வழி

நாலு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது எங்கள் தொழில். உட்கார்ந்தவர்களை எழுப்பி வேலை செய்ய வைப்பது யார் தொழில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டங்களில் கொட்டாவியை மென்று விழுங்கியவர்களுக்கு இது புரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், திண்டிவனத்தில் வட்டாரப் பொருளாதாரத் திட்டக் குழு ஒன்றுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். குவாரிக்காரர், விவசாயி, கடைக்காரர், அரசு அலுவலர் எல்லோரும் சேர்ந்து திருவக்கரைப் பக்கத்துக்குத் திட்டம் போட வேண்டும்.

ஒரே ஒரு கோரிக்கை

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு கனவு. குவாரி முதலாளி கல் பாலிஷ் பட்டறை கேட்டார். விவசாயிகள் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, கிடங்கு கேட்டார்கள். கடைக்காரர்கள் சார்பில் வந்தவர் அஞ்சலை. திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போகும் ரோட்டில் புருஷனோடு எலுமிச்சை மாலை, தேங்காய் விற்கிறவர். ஜல்லி லாரிக்குத் தனி வழி வேண்டும் என்றார், அவ்வளவுதான். பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவிலேயே லாரி புகுந்து வரும். குவாரிக்குப் பின்னால் பழைய வண்டிப்பாதை ஒன்று உண்டு. இடையில் ஒரு துண்டு நிலம் முதலாளியுடையது. அவர் விட்டுக்கொடுத்தால் போதும். எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"குடுத்துடலாம்மா, நா எங்க ஓடியா போறேன்? மொதல்ல திட்டம் வரட்டும்."

இரங்கல்

திட்டம் வரவில்லை. ஆடிப் பௌர்ணமிக்கு முந்தின நாள், எலுமிச்சை மூட்டையைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்த அஞ்சலையின் புருஷன் ஏழுமலை மேல் லாரி ஏறிவிட்டது. நான் போனபோது, சிதறிய பழங்களை யாரோ ரோட்டோரம் கூட்டி ஒதுக்கியிருந்தார்கள். அஞ்சலை அழவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காத்தோம். உட்கார்ந்ததும் லாரி வழிப் பேச்சை எடுத்தேன். ஓர் அதிகாரி அஞ்சலையின் காலி நாற்காலியைக் காட்டினார்.

"கேட்டவங்களே வரலியே சார், அடுத்த கூட்டத்துல வச்சிக்கலாமே."

முழு வருகை

காரியம் முடிந்ததும் அஞ்சலை வந்தார், எங்கள் கூட்டத்துக்கு அல்ல. கடைக்காரப் பெண்களை அழைத்துக்கொண்டு குவாரி வாசலில், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். லாரிகள் வரிசையாக நின்றன. "பேஜாரா போச்சு, ஜல்தி வாங்க சார்" என்று முதலாளி எனக்கு போன் போட்டார். போய்ப் பார்த்தால் அதிகாரிகள், போலீஸ், விவசாயிகள், எல்லோரும் அங்கே. எந்தக் கூட்டத்துக்கும் என்னால் இப்படி ஆள் சேர்க்க முடிந்ததில்லை. வெயிலில் நின்றபடியே முதலாளி நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். நான் அஞ்சலையின் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"இப்பிடி ரோட்ல குந்திக்கினாத்தான் கேப்பாங்கன்னு முன்னியே தெரிஞ்சிருந்தா, அந்த மனுசன் இருந்திருப்பாரு சார்."

புது ரோடு

வழி வந்தது, நல்ல தார் ரோடு. குண்டு குழி இல்லையென்று கோயிலுக்குப் போகும் பக்தர்களின் வேன்களும் அந்த வழிக்கே மாறிவிட்டன. அந்தப் பக்கம் புதுக் கடைகள் முளைத்தன. ஒரு பௌர்ணமி மாலை பழைய ரோட்டில் போனேன். ஆளில்லாத கடையில், வாடிய மாலைகளுக்கு அஞ்சலை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். புது ரோட்டில் ஓர் இடம் கேட்டுக் குழுவில் பேசட்டுமா என்றேன்.

"லாரி வரக்கூடாதுன்னுதான் கேட்டேன், இப்ப ஆளே வர்றதில்ல, நீங்க இன்னொரு கூட்டம் மட்டும் போட்டுடாதீங்க சார்."

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். எங்கள் தேருக்கு ஊர் கூடவே, முதலில் ஓர் ஆள் சக்கரத்தடியில் விழ வேண்டியிருந்தது.