மாலையில்லாத படம்

ஆடி மாதம், வளர்பிறை ஏகாதசி. காலையில் என் தாயார் கும்மிடிப்பூண்டி வீட்டில் காலமானார். மாலையில் தகனம் நடந்தது. அவருடைய கணவர், அதாவது என் தந்தை, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானமொன்றின் பின்புறத் துப்பாக்கியாளர். வங்காள விரிகுடாவின் மேல் பறந்த அவ்விமானம் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அப்போது நான் பிறந்திருக்கவில்லை.

விமானப்படை அனுப்பிய தந்தியில் ‘காணவில்லை’ என்றே இருந்தது. “காணோம்னுதானே போட்டுகீறான்? செத்துட்டாருன்னா போட்டுகீறான்?” என்று கேட்டு, பொட்டழிக்க வந்த உறவினர்களை அம்மா காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாராம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்கள் குடும்பத் தலைவரைக் கேட்டால், “வெளிய போயிகீறாரு” என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒரு வார்த்த சொல்லினு போற பழக்கம் உங்க பரம்பரைக்கே கெடையாது” என்பார்.

கூடத்தில் மாட்டியிருந்த அந்த இளைஞரின் படத்துக்கு மாலை போட்டதில்லை. “பேரனா சார்? எந்தக் கம்பெனி?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். “அப்பா” என்பேன். அடுத்த கேள்வி வராது.

குங்குமத்தோடுதான் தன்னை அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அப்படியே அனுப்பினோம்.

அம்மாவின் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தபோது, இரண்டு சட்டமும் ஒத்திருக்கட்டும் என்று அப்பாவின் படத்தையும் கடையில் விட்டுவந்தேன். மறுநாள் போனால், கடைக்காரர் இரண்டுக்கும் சந்தனச் சீவல் மாலை போட்டுச் சாய்த்து வைத்திருந்தார்.

“பாட்டியும் பேரனும் ஒரே நேரத்துலயா சார்? ஆக்சிடெண்டா?”

“அவர் அந்த அம்மாளின் கணவர். அவருடைய மாலையைக் கழற்றிவிடுங்கள்.”

“இன்னாத்துக்கு சார்?”

“இறந்துவிட்டார் என்பதற்கு உறுதியில்லை.”

“இப்ப இன்னா வயசு இருக்கும்?”

“நூறைத் தாண்டியிருக்கும்.”

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி சார், வெய்ட் பண்ணலாம்” என்று கழற்றினார். “ஆனா ஜோடியாதான் விப்போம். இத்தயும் எடுத்துனு போங்க. எப்பனா ஒதவும்.”

வீட்டில் என் மனைவி அந்த இரண்டாவது மாலையைப் பிரித்துப் பார்த்தாள். “அத்தையே போயிட்டாங்க. இனிமே யாருக்காகக் காத்துகினு இருக்கறது? மாமாவுக்கும் போட்டுடுங்களேன்.”

நியாயமான வாதம். மாலையோடு முக்காலியில் ஏறினேன். படத்தில் அவருக்கு என் பேரனின் வயது. பக்கத்தில் அம்மாவின் நெற்றியில் குங்குமம். இந்த மாலையை நான் போட்ட கணத்தில், சுமங்கலியாகப் புறப்பட்டுப்போனவர் விதவையாகிவிடுவார். உறவினர் அனைவருமாகச் சேர்ந்து செய்ய முடியாததை அவருடைய மகன் செய்து முடித்திருப்பான்.

இறங்கினேன்.

“இன்னாங்க, தலை சுத்துதா?”

“இல்லை. அவர் வெளியே போயிருக்கிறார்.”

அவள் மாலையை வாங்கிக்கொண்டாள்.

இன்னும் செய்யாதவை:

இரண்டாவது மாலைக்கு ஓர் இடம் பார்ப்பது. இப்போதைக்கு அது பாச்சை உருண்டைகளோடு அலமாரியில் இருக்கிறது.

குடும்ப அட்டையில் அம்மாவின் பெயரை நீக்குவது.

பழவேற்காட்டுக் கடற்கரைக்குப் போய், அம்மா போய்விட்டதை அப்பாவிடம் சொல்வது.