கட்டுப் போட்ட கை

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். பத்து வருடங்களுக்கு முன் அவர் கூட வேலை பார்த்த ஒருவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மாதமே அத்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போய்விட்டார். கேட்டால் மெத்தை முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அந்த வருடம்தான் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அதனால்தான் தன்னை ஒதுக்கிவிட்டார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். இது தெரியாமல் நான் வேறு, "என்ன அத்தான், சோபாவையே கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?" என்று கிண்டலடிப்பேன். அவர் சிரிப்பார். அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் அவள் பொறுத்தது போதும் என்று மகன் வீட்டோடு போய்விடக் கிளம்பினாள். துணிமணி எடுத்து வைக்க என்னையும் கூப்பிட்டிருந்தாள். பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். அத்தான் பக்கத்திலேயே நின்றார். ஸ்டூல் ஆட, அக்கா அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்த மனுஷன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்ஸியிலேயே அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில், அக்காவுக்குக் கட்டுப் போட உள்ளே அழைத்துப் போன பிறகுதான் அவர் பேசினார்.

"அன்னைக்கு லிஃப்ட் குழியில அவன் விழும்போது நான் கையப் பிடிச்சிட்டேன்மா. என் கையெல்லாம் கிரீஸ். நழுவிடுச்சு."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ண மூடினா அந்தக் கைதான் வருது. ஒரு நாள் முழிச்சுப் பார்த்தா, உங்கக்கா கைய முறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கேன். அவ தூக்கத்துலயே முனகுறா. என்னைக்காவது உடைச்சிடுவேன்னு பயந்துதான் ஹாலுக்கு வந்தேன்."

"அதை அவகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"கையில கிடைச்சவன விட்டுட்டேன்னு எப்படிம்மா சொல்றது? இன்னைக்கும் அவ கைய நீட்டினதும், பிடிச்சா நழுவிடும்னுதான் தோணுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டு காய்வதற்குள் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சோபாவில் கிடந்த தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"கட்டுப் போட்ட பக்கமா படுங்க. எவ்வளவு அழுத்தி வேணா பிடிச்சுக்கங்க, எனக்கு வலிக்காது."

கனவு ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. இப்போதும் வியர்த்து விறுவிறுத்து எழுந்துவிடுகிறாராம். ஆனால் கை நிறைய அந்த மாவுக்கட்டு இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துத் தூங்கிவிடுகிறாராம். மனநல டாக்டரிடமும் அக்காவே அழைத்துப் போனாள். மகன் வீட்டுப் பேச்சு அடங்கிவிட்டது.

நேற்று கட்டுப் பிரிக்கும் நாள். டாக்டர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்ததும் அக்கா, "டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றாள்.

"எலும்பு நல்லா கூடிடுச்சும்மா. எதுக்கு வீணா?"

அக்கா கையை நீட்டிக் கொடுத்தாள். கட்டு பிரிந்ததும் கை வெளுத்து, மெலிந்து கிடந்தது. அத்தான் அதைப் பார்க்கவே பயந்தார்.

"இன்னைக்கு நான் ஹால்லயே..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"வாய மூடிக்கிட்டு வாங்க" என்றாள் அக்கா.

அவர் மருந்து வாங்கப் போனதும் என் தோளில் சாய்ந்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதாள்.

"பத்து வருஷம்டி. இந்தக் கை அப்பவே உடைஞ்சிருக்கக் கூடாதா?"