பதினெட்டுச் சுற்றும் ஃபுசாகோவின் ஆயில் சூடும்

2003

ஏப்ரல் 20 – எஞ்சின் பிரித்துக் கூட்டியது, மூன்றாம் முறை – 4,10,000 யென்
ஜூன் 14 – இரண்டாவது ஆயில் கூலர், பழையது, குழாய்களுடன் – 68,000
ஜூலை 5 – ஆயில் பரிசோதனை – 7,500
செப்டம்பர் 27 – தடித்த ஆயில் கூலர் இரண்டு, புதியவை – 1,56,000
அக்டோபர் 18 – இடது முன்சக்கர உள்தடுப்பு, புதிது – 4,200
நவம்பர் 11 – ஆயில் பரிசோதனை – 7,500
நவம்பர் 30 – அலுமினியத் தகடு, ரிவெட், கம்பிவலை, பஞ்சு நாடா – 6,850
டிசம்பர் 22 – ஆயில் பரிசோதனை – 7,500

இந்த எட்டு வரிகளில் இரண்டாவது சிறிய தொகைதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதைச் சொல்வதற்குமுன் அந்தப் பணத்தைச் செலவழித்தவரைச் சொல்ல வேண்டும்.

ஹயசாகா ஃபுசாகோவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஷிமொட்சுமாவில் பள்ளிகளுக்கு மதிய உணவு சமைக்கும் கூடத்தில் வேலை. பதினான்கு பேர் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பார்கள். குழம்பைக் கிளறும் துடுப்பு ஃபுசாகோவின் தோள் உயரம் இருக்கும். ஒவ்வொரு அண்டாவிலும் வெப்பமானிக் கம்பியைக் குத்தி, எழுபத்தைந்து பாகைக்குமேல் ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்த்து எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வெப்பமானி பார்த்தவன் என்ற முறையில், எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இது ஒன்றே போதும்.

1997இல், கணவரின் லாரியை எடுத்துவர மெக்கானிக் நெசுவின் பட்டறைக்குப் போனார். உள்ளே ஒரு வெள்ளை ரோட்டரி கார் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. "இது என்ன, கோவிச்சுக்கிட்ட தேனீக்கூடு மாதிரி?" என்று கேட்டாராம். பதினோரு நாள் கழித்து அந்தக் காரை அவரே வாங்கிவிட்டார்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. வயிறு புடைத்த முக்கோணங்கள் இரண்டு கூட்டுக்குள் சுழல்கின்றன. மற்ற எஞ்சின்களில் ஆயில் முக்கியமாக வழவழப்புக்குத்தான். இதில் முக்கோணத்தின் உள்வயிற்றில் பீய்ச்சி, அங்குள்ள சூட்டை எடுத்து வருவதும் ஆயிலின் வேலை. டர்போவும் சேர்ந்துகொண்டால் சூட்டுக்குக் கேட்கவே வேண்டாம். அப்படிச் சுட்டுப்போன ஆயிலை ஆற்றி அனுப்பத்தான் பம்பருக்குள், சக்கரத்துக்கு முன்னால், சின்ன ரேடியேட்டர் போல ஆயில் கூலர் இருக்கிறது. நூற்றுப்பதினைந்து பாகை வரை கவலையில்லை. நூற்றிருபத்தைந்தில் கவனம். நூற்று முப்பதில் ஆயில் தண்ணீராக இளகி, பேரிங் எனப்படும் தாங்கிகள் தேயத் தொடங்கும்.

ஃபுசாகோவின் கார், காசு கட்டி யாரும் வேகமாக ஓட்டிப் பார்க்கக்கூடிய ட்சுகுபா கார்ப் பந்தய ஓடுதளத்தில் ஐந்தாறு சுற்றுக்குள் நூற்று முப்பதைத் தொட்டுவிடும். ஒருமுறை இறங்கினால் இருபது நிமிடம், அதாவது பதினெட்டுச் சுற்று ஓடலாம். எல்லோரும் பதினெட்டு ஓடுவார்கள். அவர் ஆறு ஓடிவிட்டு, மீதி நேரம் ஓரமாக உருட்டிக்கொண்டு வருவார்.

மூன்றாம் முறை எஞ்சினைப் பிரித்தபோது கணவர் கட்சுமி ஒரு நிபந்தனை போட்டார். அவர் பேரிக்காய் விவசாயி, சத்தம் போட்டுப் பேசாதவர்.

"இன்னொரு தரம் பிரிக்கிற நிலைமை வந்துச்சுன்னா காரை வித்துடணும், ஃபுசாகோ. அது நிக்கிற கொட்டகை எனக்கு வேணும். பேரிக்காய்ப் பெட்டியெல்லாம் மழையில நனையுது."

"சரிங்க. வந்தா வித்துடறேன்."

"எழுதிக் குடுப்பியா?"

"குவபாரா சான் எழுதிக்குவாரு. அவரு எழுதினா அழியாது."

குவபாரா நான்தான், அந்தக் காரின் கணக்கையெல்லாம் நோட்டில் குறிப்பவன்; 'சான்' மரியாதைக்குச் சேர்ப்பது. எழுதிக்கொண்டேன்.

எஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே தேய்வதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. புது ஆயில் ஊற்றி ஓடி, முடித்ததும் கொஞ்சம் ஆயிலைச் சீசாவில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அதில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு செம்பு கலந்திருக்கிறது என்று கடிதம் போடுவார்கள். செம்பு கூடினால் தாங்கி தேய்கிறது என்று பொருள். ஜூலைக் கடிதத்தில் முப்பத்தேழு. நவம்பர்க் கடிதத்தில் ஐம்பத்தெட்டு. கீழே ஒரு வரி: அடுத்த முறை அறுபதைத் தாண்டினால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவும்.

அந்தக் கடிதம் வந்த வாரம் நாங்கள் மூவரும் கொட்டகையில் கூடினோம். நெசு கைகளைக் கட்டிக்கொண்டு காரையே முறைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்து நான்கு வயது. ஒரு திருகு கோணலாக இருந்தாலும் தூக்கம் வராத மெக்கானிக்.

"ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டு கூலர் வெச்சேன். அப்புறம் ரெண்டையும் தடிமனா மாத்தினேன். குறைஞ்சது எவ்வளவு? மூணு பாகை! அக்கா, எனக்கே வெக்கமா இருக்கு. இன்னும் பெருசு வாங்கிடலாம்."

"எங்கே வைப்பே? என் மடியிலயா?"

நான் நோட்டைத் திறந்தேன். மூன்று நாளாக ஒரு பக்கம் என்னைத் தூங்கவிடவில்லை. காரில் ஒரு சிறிய வயர்லெஸ் உண்டு. பின்பக்க நேர்ச்சாலையில் வரும்போது ஃபுசாகோ ஒவ்வொரு சுற்றும் சூட்டைச் சொல்வார், நான் குறிப்பேன்.

"அக்டோபர் பன்னண்டாம் தேதியைக் கேளுங்க, தடிமன் கூலரை நம்பி ஆறோட நிறுத்தாம ஓடின நாள். வெளிச் சூடு இருபத்தொண்ணு. காத்து அப்படியே. ஏழாவது சுற்று நூத்தி இருபத்தேழு. எட்டாவது நூத்தி இருபத்தெட்டு. ஒம்பதாவது நூத்திப் பத்தொன்பது."

"அக்கா காலை எடுத்திருப்பாங்க," என்றான் நெசு.

"எடுக்கலை. சுற்று நேரம் பாரு, அரை விநாடிகூட மாறலை."

"அப்போ மீட்டர் கோளாறு."

"பத்தாவதும் நூத்திப் பத்தொன்பது, பதினொண்ணும் அதேதான். கோளாறு இவ்வளவு ஒழுங்கா வராது. இதையும் கேளு. எட்டாவது சுற்றுல நான் எழுதியிருக்கேன்: 'விளிம்புக் கல்லில் இடது சக்கரம் ஏறியது. கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று விழுந்தது.'"

நெசுவின் முகம் மாறியது. "அது இடது சக்கரத்து உள்தடுப்பு. சக்கரம் வாரி அடிக்கிற கல்லு, சேறு உள்ளே போகாம மறைக்குமே, அது. கிழிஞ்சு போச்சு. அடுத்த சனிக்கிழமையே புதுசு வாங்கி மாட்டிட்டேனே! நாலாயிரத்து இருநூறு!"

"மாட்டினதுக்கு அப்புறம், நவம்பர் ஒம்பது, நூத்தி முப்பத்தொண்ணு."

ஃபுசாகோ காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பம்பரின் வாய்க்குள் கையை விட்டுத் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"நெசு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க சமையல்கூடத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னு போச்சு. ஜூலை மாசம். கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்துவிட்டோம். சூடு குறைஞ்சுதா? ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்தா. ஆவி வெளியே போனாத்தானே புதுக் காத்து உள்ளே வரும்! நீ கூலரை ரெண்டாக்கிட்டே. கூலரைப் பெருசாக்கிட்டே. சூடான காத்து போறதுக்கு வழி எங்கேடா? பின்னாடி சுவரு மாதிரி பிளாஸ்டிக்கை வெச்சு, கிழிஞ்சதையும் புதுசா மாட்டி..."

"அழகா இருக்கட்டும்னு மாட்டினேன் அக்கா," என்றான் நெசு, தலையைப் பிடித்துக்கொண்டு.

ஊகம் மட்டும் எனக்குப் போதாது. நவம்பர் 23 ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதித்தோம். பம்பரின் வாயைச் சுற்றிக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டினோம். சமையல்கூடத்தில் இருப்பது போன்ற வெப்பமானிக் கம்பியைக் கூலருக்குப் பின்னால் நுழைத்தோம் (ஃபுசாகோவின் சொந்தக் காசில் வாங்கியது). வயல்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அவர் என்னைத் தாண்டிப் போனார். உள்ளே இழுபட வேண்டிய நூல்கள் வெளியே திரும்பிப் படபடத்தன! கூலர் காற்றைக் குடிக்கவே இல்லை, துப்பிக்கொண்டிருந்தது. கூலருக்குப் பின்னால் காற்று எண்பத்து நான்கு பாகை. எழுபத்தொரு வயதில் நான் வரப்பின்மேல் நின்று கைதட்டினேன் என்பதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வேலை முடிந்தது. இரண்டு உள்தடுப்பிலும் உள்ளங்கை அகலத்தில் ஜன்னல் வெட்டி, கல் புகாமல் கம்பிவலை ரிவெட் அடித்தோம். பம்பரின் வாயிலிருந்து கூலர் வரை அலுமினியத் தகட்டால் பெட்டி கட்டி, இடுக்குகளைப் பஞ்சு நாடாவால் அடைத்தோம், காற்று பக்கவாட்டில் நழுவாமலிருக்க. தகட்டை மடித்தது ஃபுசாகோ. ரொட்டித் தட்டுக்குத் தாள் மடித்துப் பழகிய கை; நெசு அளவுகோல் எடுப்பதற்குள் மூலை சரியாக வந்துவிட்டது. மறுபடி வயல்சாலை. எல்லா நூலும் ஒரே வீச்சில் உள்ளே போய்விட்டது. கம்பியில் ஐம்பத்தாறு பாகை.

டிசம்பர் 21, ஓடுதளம். காலை ஒன்பதரை, நான்கு பாகை, வடமேற்குக் காற்று. கட்சுமி முதன்முறையாக வந்திருந்தார், ஒரு கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பொட்டலம், இன்னொரு கையில் அளவுநாடா.

"நாடா எதுக்கு?" என்றேன்.

"கொட்டகையை அளந்துட்டு அப்படியே வந்துட்டேன். பெட்டி நானூத்திப் பத்து வைக்கலாம்."

ஃபுசாகோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கத்தினார்: "காதுல விழுந்துச்சு! இன்னைக்குப் பதினெட்டும் ஓடறேன். காலை எடுக்க மாட்டேன்."

"நூத்தி முப்பது வந்தா?" என்றான் நெசு.

"வந்தா எஞ்சினும் போச்சு, காரும் போச்சு. வராதுடா. வழி விட்டிருக்கோமே!"

குளிர் அதிகம் என்பதால் ஒரு கூலரின் வாயில் பாதிக்கு நாடா ஒட்டி, ஆயில் எண்பது தொடும்வரை நிற்கவைத்தே சூடேற்றினோம். நாடாவைக் கிழித்தோம். கொடி அசைந்தது.

மூன்றாம் சுற்று. வயர்லெஸ் கரகரத்தது. "நூத்தி நாலு!"

ஐந்து. "நூத்தி ஒம்பது!"

ஆறாம் சுற்று. பெரும்பாலும் இங்கேதான் முடியும். "நூத்திப் பதிமூணு!" அதே குரலில்தான் சமையல்கூடத்தில் "உப்பு போட்டாச்சா?" என்று கேட்பார்.

ஏழு, எட்டு, ஒன்பது: நூற்றுப்பதினான்கு. நூற்றுப்பதினான்கு. நூற்றுப்பதினான்கு!

"நின்னுடுச்சு!" நெசு துள்ளிக் குதித்தான். "ஏறலை! நின்னுடுச்சு, குவபாரா சான்!"

"எழுதவிடு."

முன்னால் ஒரு நீலக் கார் வழிமறித்தது. பதினொன்றாம் சுற்றில் அதன் சூடான புகையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். "நூத்திப் பதினேழு!" கட்சுமி கிழங்கை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். கடைசி நீண்ட வலது திருப்பத்தில் நீலக் கார் ஒரு முழம் அகன்றது. உள்பக்கம் வெள்ளை மூக்கு நுழைந்தது, தாண்டியது. அடுத்த சுற்றில் நூற்றுப்பதினைந்து.

பதினான்காம் சுற்று: ஒரு நிமிடம், நான்கு புள்ளி மூன்று விநாடி. ஏழு வருடத்தில் அவர் ஓடிய அத்தனை சுற்றிலும் வேகமானது. டயரெல்லாம் சூட்டில் இளகிப் பிடி தளர்ந்த பிறகும் எஞ்சின் கூசாமல் பாடியது. கட்சுமி அளவுநாடாவைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுச் சுவரின்மேல் ஏறி, "போ! போடி! போ!" என்று கத்தினார். சத்தம் போட்டுப் பேசாதவர் என்று முன்னால் எழுதியதை நான் மாற்றப்போவதில்லை. அது டிசம்பர் 21 வரை சரி.

பதினெட்டு. கட்டம்போட்ட கொடி. அதிகபட்ச ஆயில் சூடு: நூற்றுப்பதினேழு.

காரிலிருந்து இறங்கிய ஃபுசாகோ முதலில் சீசாவைத்தான் கேட்டார். "கொண்டாட்டம் அப்புறம். உள்ளே என்ன ஆச்சுன்னு அதுதானே சொல்லணும்." சூடான ஆயிலை அவரே பிடித்து, மூடி, தேதி எழுதினார். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தார்.

புத்தாண்டு விடுமுறை குறுக்கே வந்தது. மூன்று வாரம் கொட்டகையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபுசாகோ தினமும் வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமலே தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாராம்.

பிறகு ஒருநாள் நண்பகலில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கட்சுமி.

"குவபாரா சான், அவ வேலைக்குப் போயிருக்கா. லெட்டர் வந்துச்சு, நான் பிரிச்சுட்டேன். இருக்க முடியலை. செம்பு பதினொண்ணுன்னு போட்டிருக்கான். பதினொண்ணு நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப நல்லது. எஞ்சினைத் தொடவே வேண்டாம்."

மறுமுனையில் அவர் உரக்கச் சிரித்தார்.

"அப்போ என் பெட்டியை எல்லாம் எங்கேய்யா வைக்கறது? சரி, போனை வைங்க. சமையல்கூடத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அண்டாவுக்குள்ள விழுந்துடாம இருக்கணும் அவ."

கடிதம் வந்த நாள்: 2004 ஜனவரி 13, செவ்வாய்.