மூன்றாம் வகுப்புத் தேர்வும் என் மகள் போட்ட கோபுரக் கரையும்

தேர்வுக்குப் போகும் எட்டு வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு சொல்ல வேண்டும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். ஆனால் நல்லது என்று நினைத்து நான் சொன்ன ஒரு பேச்சால் என் மகளுக்கு ஒரு தேர்வு கெட்டது. அதைத் திருத்த நான் சொன்ன இன்னொரு பேச்சால் அடுத்த தேர்வும் கெட்டது.

ஆரணியில் அவள் படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெற்றோரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். எல்லாப் பள்ளிகளிலும் மூன்றாம் வகுப்புக்கு ஒரே மாதிரி அடைவுத் தேர்வு வைக்கப்போகிறார்கள் என்றும், அதை நடத்த வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றும் தலைமையாசிரியை சொன்னார்.

“மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. பசங்களுக்கு எது புரிஞ்சிருக்கு, எது புரியலன்னு பாக்கத்தான். வீட்ல போட்டு பேஜார் பண்ணாதீங்க.”

“மார்க்கே இல்லன்னா எதுக்குங்க டெஸ்ட்டு? சாப்பாடு போடாம எல எடுக்கச் சொல்ற மாதிரி இருக்குது” என்றார் பின்பெஞ்சிலிருந்து ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தோம். தலைமையாசிரியையும் சிரித்தார்.

பிறகு அவர் விவரம் சொன்னார். பிள்ளைகள் விடையை எழுத வேண்டியதில்லை. தனித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு வட்டங்கள் இருக்கும்; சரியான வட்டத்தை நிரப்பினால் போதும். அதற்கு முன் பள்ளியிலேயே ஒரு மாதிரித் தேர்வு நடக்கும். அதில் குறைவாக எடுப்பவர்களை மதியத்தில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தத் ‘தனியாக’ என் சிரிப்பை நிறுத்திவிட்டது.

மறுநாளே மாதிரி விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் பாலைக் குடிக்கவைத்து மகளை உட்காரவைப்பேன். விடைகள் அவளுக்குத் தெரிந்திருந்தன. வட்டம்தான் வரவில்லை. கோட்டைத் தாண்டிக் கிறுக்குவாள், பாதி நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவாள். நான் அழித்து மறுபடி போடச் சொல்வேன். மூன்றாம் நாள் அவள் அழுதாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

என் கணவர் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கிராப் தாளில் ஒவ்வொரு சின்னக் கட்டமாக நிரப்பி மாங்காய், மயில், கரை எல்லாம் கொண்டுவருவார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தறிக்கான அட்டையில் துளை போடுவார்கள். இப்போது கம்ப்யூட்டரிலும் செய்கிறார். ஆனால் புது டிசைனை முதலில் தாளில் போட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குத் திருப்தி இருக்காது. அவர் புள்ளி வைத்துக் கொடுக்கும் கட்டங்களை மகள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புவாள். அதில் ஒரு கோடு தாண்டாது. “ஒரு கட்டம் தள்ளிப் போச்சுன்னா சேலை முழுக்க அந்தத் தப்பு வந்துகினே இருக்கும்” என்று அவர் அவளிடம் சொல்வார்.

எனவே நான் சொன்னேன்: “அழாதடி கண்ணு. இதுவும் அப்பாவோட கிராப் மாதிரிதான். அதே மாதிரி அழகா பண்ணு, போதும்.”

உடனே கை திருந்திவிட்டது. அன்று அவள் நிரப்பிய தாளைப் பார்த்து, “அப்பா டிசைன் மாதிரியே இருக்குதே!” என்று நானே கொஞ்சினேன். இரண்டு நாள் கழித்து மாதிரித் தேர்வு நடந்தது.

வகுப்பு மிஸ் என்னை வரச் சொல்லி விடைத்தாளைக் காட்டினார். இருபத்தைந்தில் ஆறு. “வீட்ல நல்லா சொல்றாளே மிஸ்” என்றேன். “எல்லா அம்மாவும் இதத்தாம்மா சொல்றாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்போடு சொன்னார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று விடைகள் சரி. நான்காவதிலிருந்து அ, ஆ, இ, ஈ, இ, ஆ, அ, ஆ, இ, ஈ என்று கடைசி வரை ஏறி இறங்கியது. தாளைக் கொஞ்சம் சாய்த்தால் முக்கோணம் முக்கோணமாகக் கோபுரக் கரை. ஒரு வட்டம் கூடத் தள்ளிப் போகவில்லை.

மிஸ்ஸிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வெட்கம்தான்.

வீட்டில் மகளிடம் கேட்டேன். “மொதல்ல சரியாத்தாம்மா போட்டேன். அப்புறம் ரெண்டு ஆ ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வந்துச்சு. டிசைன் கெட்டுப்போச்சே! நீதான அப்பா கிராப் மாதிரி பண்ணச் சொன்ன?”

என் கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். “கர கரெக்டா வந்துகீது. இன்னும் ரெண்டு வரி இருந்தா அட்டையே அடிச்சிடலாம்!”

“சிரிக்காதீங்க. அவள நாளையிலேர்ந்து தனியா உக்கார வைக்கப் போறாங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த இரண்டு வாரமும் அவள் மதியத்தில் தனியாக உட்கார்ந்தாள். பெரிய தேர்வு அன்று காலை, பின்னலுக்கு ரிப்பன் கட்டிவிட்டு, அவள் முகவாயைப் பிடித்துச் சொன்னேன்: “இன்னைக்கு டிசைன் கிடிசைன் எதுவும் வரக் கூடாது. டிசைன் வந்தா தப்புன்னு அர்த்தம். எங்க, திருப்பிச் சொல்லு.”

“டிசைன் வந்தா தப்பு” என்றாள்.

“இன்னாத்துக்குக் கொழந்தய மெரட்டிகினு இருக்க? ஜல்தியா அனுப்பு” என்றார் வாசலில் வண்டியைக் கிளப்பியபடி என் கணவர்.

மதியம் பள்ளி கேட்டில் நின்றேன். ஓடி வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

“ஈஸிம்மா! ஒரு எடத்துல டிசைன் வரப் பாத்துச்சு. நான் வுடல.”

“எப்படிடா?”

“அ, ஆ, இ வந்துச்சா, அடுத்தது ஈ. விட ஈ தான். போட்டா படிக்கட்டு மாதிரி ஆயிடும்ல? அதனால அ போட்டுட்டேன். இன்னும் ரெண்டு மூணு எடத்துலயும் அப்படித்தான் மாத்துனேன்.”

நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தாள். “சரி, வா” என்று பையை வாங்கிக்கொண்டேன். இதுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்தத் தேர்வில் பிள்ளைவாரியாக முடிவு தரமாட்டார்களாம். அதனால் பள்ளியைப் பொறுத்தவரை அவள் ஆறு வாங்கியவள்தான். மதியத்தில் தனியாகத்தான் உட்காருகிறாள்.

போன வாரம் தலை வாரும்போது கேட்டாள்: “மா, மக்குன்னா கணக்கு வராதவங்கதான? எனக்குத்தான் வருதே. அப்ப ஏன் நான் அங்க உக்காந்துகினு இருக்கேன்?” “சீக்கிரம் மாத்திடுவாங்க” என்றேன்.

அன்றே மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று போனேன். எனக்கு முன்னால் இன்னொரு அம்மா, தன் பையனுக்குக் காய்ச்சல் இருந்ததால்தான் சரியாக எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், அதே அலுப்போடு. என் மகள் விடைத்தாளில் சேலைக் கரை போட்டாள் என்று அடுத்து நான் போய் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது பையில் ஒரு சீட்டு வந்திருக்கிறது. அடுத்த பருவமும் அவளை அந்தக் குழுவிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டு, விடுமுறை முடிந்ததும் கொடுக்க வேண்டும். “நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டா?” என்கிறார் என் கணவர். சொன்னால் மகளுக்கும் சொல்ல வேண்டும்: உனக்கு விடை தெரியும், தப்பாகச் சொன்னது அம்மாதான் என்று. அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையாவது அவள் நம்புவாளா? சொல்லாமல் விட்டால், தான் மக்குதான் என்று நம்பத் தொடங்கிவிடுவாள்.

பிள்ளைகளை இப்படிப்பட்ட தேர்வுகளுக்கு அனுப்பிய அம்மாக்களே, அப்பாக்களே, டீச்சர்களே, நீங்களாக இருந்தால் யாரிடம் முதலில் பேசுவீர்கள், மிஸ்ஸிடமா, மகளிடமா? என்ன வார்த்தை சொல்லித் தொடங்குவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். சீட்டில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.